டேனியலைப் பார்க்க வந்தவர்

நான் துபாய்க்குப் போனது சமைக்க. ஊரில் எல்லோரும் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்தார்கள். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

தம்பி அந்தோணி போனில் விவரம் சொன்னான். அவன் மகன் டேனியல் அமெரிக்காவில் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறான். அங்கே ஒரு பந்து விளையாட்டு இருக்கிறது. பேர் ஃபுட்பால்தான், ஆனால் காலுக்கு வேலை குறைவு. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனை இடித்துத் தள்ளுவதும்தான் ஆட்டம். வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய அணிகளெல்லாம் கூடி, கல்லூரிப் பிள்ளைகளைப் பேர் சொல்லி எடுத்துக்கொள்ளுமாம். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். டேனியல் படிப்பது சின்னக் கல்லூரி. அங்கே போய் அவனைப் பார்க்க ஆள் வருவதில்லை. இப்போது அவன் லீவுக்கு வந்திருக்கும்போது, ஓர் அணிக்கு ஆள் பார்த்துச் சொல்லும் அமெரிக்கர் ஒருவர் துபாய்க்கு வருகிறார்.

"இவரு ஒருத்தருதான் யக்கா. இவரு சரின்னு சொன்னா உண்டு. இல்லேன்னா அவனுக்க ஆட்டம் காலேஜோட முடிஞ்சுது."

டேனியலுக்கு எடை கொஞ்சம் போதாது, அதற்குள் அவனை ஊட்டித் தேற்ற வேண்டும். தம்பி மனைவி ரெஜினா நர்ஸ், அவளுக்கு மாதம் முழுக்க நைட் டூட்டி. ஆகவே நான்.

டேனியல் பிறந்தது ஃபர்வானியாவில், அவர்கள் குவைத்தில் இருந்தபோது. கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் டூட்டிக்குப் போக முடியாமல் ஊருக்குக் கொண்டுவந்து என்னிடம் விட்டார்கள். நடக்கவும் பேசவும் என்னிடம்தான் படித்தான். பள்ளிக்கூடம் சேர்க்கும் வயதில் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். துபாய் ஏர்போர்ட் வாசலில் தூண் மாதிரி நின்ற ஒருவன் குனிந்து "அத்தை" என்றான். நான் பயந்து பின்னால் நகர்ந்துவிட்டேன்.

முதல் நாள் அவன் சாப்பிடுவதைப் பார்த்தேன். காலையில் ஒரு சட்டி முட்டை. பிறகு கோழி, உப்பில்லாமல் அவித்தது. பிறகு மாவு கரைத்த பால். குழம்பு கிடையாது, காரம் கிடையாது. காய்ச்சல்காரனுக்குக்கூட நம் வீட்டில் இதைவிட ருசியாகக் கொடுப்போம். மறுநாள் மரச்சீனிக் கிழங்கு அவித்து, நெய்மீன் குழம்பு வைத்துக் கொடுத்தேன். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, தராசில் ஏறி நின்று, "கூடியிருக்கு அத்தை," என்றான். அவனுக்குத் தமிழ் வரும். ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்து வைப்பதுபோல் பேசுவான்.

அவன் நிற்கும் இடத்துக்கு டைட் எண்ட் என்று பேராம். தடியன்கள் வரிசையாக நிற்பார்கள், அந்த வரிசையின் ஓரத்தில் இவன். எதிரே வரும் தடியனைத் தள்ளவும் வேண்டும், சமயத்தில் நழுவி ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கவும் வேண்டும். "ரெண்டு வேலையும் ஒரே ஆளா?" என்று கேட்டேன். ஆமாம் என்றான். வீட்டுக்கு மூத்த மருமகள் மாதிரிதான். தண்ணீரும் சுமக்க வேண்டும், விருந்தாள் வந்தால் முகம் கழுவிக்கொண்டு முன்னாலும் நிற்க வேண்டும். இதை அவனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

ஒருநாள் மீன் வாங்கத் தம்பியோடு மெட்ரோ ரயிலில் போனேன். பெண்களுக்குத் தனிப் பெட்டி, ஆண்கள் ஏறினால் அபராதம். என்னை அதில் ஏற்றிவிட்டு, "நான் பக்கத்துப் பெட்டில நிக்கேன் யக்கா, கை காட்டுனா இறங்கு," என்றான். அடுத்த ஸ்டேஷனிலேயே கூட்டம் ஏறி அவன் மறைந்துவிட்டான். கையும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. கதவு திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது, மூடுகிறது. ஓட்டுகிறவர் இல்லாத ரயில், யாரிடம் நிறுத்தச் சொல்வது? கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்த பெண்களிடம் கேட்கலாம். எனக்கு அந்நியரிடம் வாய் எழும்பாது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

கடைசி ஸ்டேஷனில் எல்லோரும் இறங்கினார்கள். நான் மட்டும் நின்றேன். ஒரு இலங்கைப் பெண், யார் வீட்டிலோ வேலை செய்கிறவள்போல் இருந்தாள், திரும்பி வந்தாள்.

"என்னம்மா, இறங்கேல்லையே? எங்க போகவேணும்?"

சொன்னேன்.

"ஐயோ, அது எப்பவோ போயிட்டுது. ஒருத்தரிட்டயும் கேக்கேல்லையே? இஞ்ச வாய் இல்லாட்டி ஒண்டும் நடவாதம்மா. திறந்து கதைக்க வேணும்."

தன் போனிலிருந்து தம்பியைக் கூப்பிட்டாள். அவன் வந்து சேரும்வரை என்னோடு பெஞ்சில் இருந்தாள். அவள் எஜமானி திட்டியிருப்பாள். தம்பி வந்ததும், "அம்மாவைக் கட்டி வச்சுக் கூட்டிக்கொண்டு போங்கோ அண்ணை," என்று சிரித்துவிட்டுப் போனாள். பேர் கேட்க மறந்துபோனேன்.

அதற்கு அடுத்த நாள் நான் செய்த காரியம் வேறு. நான் கடைக்குக் கூட்டிப் போனால் டேனியலை எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். கறிக்கடைக்காரன் பார்க்கிறான், லிஃப்டில் வருகிறவர்கள் பார்க்கிறார்கள், ஒரு சின்னப் பிள்ளை அவன் கையைத் தொட்டே பார்த்தது. இத்தனை கண்ணும் ஒரு பிள்ளை மேல் விழுந்தால் என்ன ஆகும்? பாதிரியார் திட்டுவார், இருந்தாலும் எங்கள் கடற்கரையில் கண்ணேறு கழிக்காத வீடு கிடையாது. அவன் தூங்கி எழுந்து உட்கார்ந்திருந்தபோது உப்பும் வற்றல் மிளகாயும் எடுத்துச் சுற்றினேன். நெருப்பில் போட வேண்டும். அங்கே அடுப்பில் நெருப்பு இல்லை, கண்ணாடிப் பலகை சிவக்கிறது, அவ்வளவுதான். தோசைக்கல்லைச் சூடாக்கி அதில் போட்டேன்.

மிளகாய் கருகியதும் கூரையில் இருந்த வட்டப் பெட்டி கத்த ஆரம்பித்தது. பிறகு மாடிப்படியில் ஒன்று கத்தியது. பிறகு கட்டடமே கத்தியது. எல்லோரும் படி வழியாக இறங்கி ரோட்டில் நின்றோம். ஓர் அரபிக் குடும்பம், கூண்டில் பூனை வைத்திருந்த ஒரு பிலிப்பைன்ஸ்காரி, துண்டு கட்டிய ஒரு மலையாளி. வாட்ச்மேன், "என்ன பாய், யார் வீடு? சீக்கிரம் சொல்லு," என்று ஹிந்தியில் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தான். ரெஜினா டூட்டி முடிந்து அப்போதுதான் வந்தவள், "மீன் கருகிட்டு பாய்," என்று சொல்லிச் சமாளித்தாள்.

வீட்டுக்குள் வந்ததும் தும்மிக்கொண்டே எல்லா ஜன்னலையும் திறந்தாள். "மைனி, இந்த நெடி ரெண்டு நாளைக்குப் போவாது. இனி இதெல்லாம் இங்க செய்யாண்டாம், கேட்டியளா? நம்மள வீட்ட காலி பண்ணச் சொல்லிருவான்." மிச்ச மிளகாயைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டாள். பாதியில் நின்ற காரியம். அது என் மனதில் முள்ளாகக் கிடந்தது.

அந்த அமெரிக்கர் வரச் சொன்ன மைதானத்துக்குப் போன நாள் வண்டி சோனாப்பூர் வழியாகப் போனது. தம்பி துபாய்க்கு வந்த புதிதில் இருந்த தொழிலாளர் கேம்ப் அங்கேதான். கம்பெனி பஸ்கள் வரிசையாக எதிரே வந்தன. ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஒரு தலை சாய்ந்து தூங்கியது. தம்பி அந்தப் பக்கம் திரும்பவில்லை. டேனியலும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தான்.

மைதானம் பச்சையாக இருந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தேன், பிளாஸ்டிக். வெயிலில் அது செருப்பைத் தாண்டிச் சுட்டது. பத்துப் பதினைந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள், பல தேசம், எல்லோரும் மலைமலையாக. பார்க்க வந்தவருக்குப் பேர் மிஸ்டர் கார்ல். வயதானவர், இடுப்பு சரியில்லாமல் ஒரு பக்கம் சாய்ந்து நடப்பார். அவரும் ஒரு காலத்தில் அந்த ஆட்டத்தில் இடிபட்டவராம்.

முதலில் அளந்தார்கள். உயரம், எடை, கையின் நீளம். விரலை விரிக்கச் சொல்லி, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை ஒரு அளவு. எடை போதும் என்று வந்தது. தம்பி என் பக்கம் திரும்பி, "யக்கா, ஒனக்க மரச்சீனி," என்றான். அந்தப் பயணத்தில் நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நொடிதான்.

பிறகு ஓடச் சொன்னார்கள், குதிக்கச் சொன்னார்கள். திண்டு கட்டிய இரும்பு வண்டி ஒன்றைத் தோளால் தள்ளச் சொன்னார்கள். டேனியல் அதை மைதானத்தின் பாதிவரை தள்ளிக்கொண்டு போனான். பிறகு பந்து எறிந்தார்கள். அவன் ஓடி, திரும்பி, பிடித்தான். மிஸ்டர் கார்ல் பந்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். பந்தை நெஞ்சில் அணைத்துப் பிடிக்கிறவன் வேண்டாமாம், விரலால் பறிக்கிறவன்தான் வேண்டுமாம். டேனியல் விரலால் பறித்தான். ஒன்று நழுவியது. நழுவியதும் அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல், அடுத்ததற்கு ஓடி வந்து நின்றான். அது அவருக்குப் பிடித்திருந்தது என்று தம்பி சொன்னான்.

எங்களுக்குப் பின்னால் வேறு இரண்டு தகப்பன்மார் ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். தம்பி காதில் சொன்னான்: "நம்ம பையன் கைகாரன், முதல் எட்டு மட்டும் தாமதம்னு சொல்லுதான். பொறாமை பிடிச்சவன்." எனக்கு முதுகில் ஊசி குத்தியது போலிருந்தது.

முடிந்ததும் மிஸ்டர் கார்ல் எங்கள் பக்கம் வந்து, டேனியல் வீட்டுக்கு நாளைக்கு வருகிறேன் என்றார். வீட்டு ஆட்களைப் பார்க்காமல் அவர் யாரையும் சிபாரிசு செய்வதில்லையாம். எல்லாப் பிள்ளைகள் வீட்டுக்கும் போகிறாரா என்று கேட்டேன். "இல்ல யக்கா," என்றான் தம்பி.

சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். தம்பி ஒரு சைட்டில் ஏசி மெஷின் நின்றுபோனதால் மாட்டிக்கொண்டிருந்தான். ரெஜினா அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் மிஸ்டர் கார்ல், டேனியல், நான். நான் எழுந்து உள்ளே போகப் பார்த்தேன். டேனியல், "அத்தை, இருங்க. அவர் உங்ககிட்டதான் பேசணுமாம். நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ வளர்த்தது நீங்கதான்னு சொல்லியிருக்கேன்," என்றான்.

மிஸ்டர் கார்ல் எனக்குக் கை கூப்பினார். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு டேனியலின் தோளில் ஓங்கித் தட்டிச் சிரித்துப் பேசினார். டேனியல் வெட்கத்தோடு சொன்னான்: "இந்த வருஷம் இப்படி ஒரு உடம்பைப் பார்க்கலைன்னு சொல்றார். குதிரை மாதிரி இருக்கேனாம்."

வெள்ளிக்கிழமை மத்தியானம், பிள்ளை குளித்துத் தலை ஈரத்தோடு நிற்கிறான். அந்நியர் ஒருவர் தோளைத் தொட்டுக் குதிரை என்கிறார். உப்பு மிளகாய் பாதியில் நின்றிருக்கிறது. கண் பட இதற்கு மேல் என்ன வேண்டும்?

அவர் மறுபடியும் ஏதோ கேட்டார். "சின்னதுல நான் எப்படி இருந்தேன்னு கேக்கறார். ஸ்ட்ராங்கா இருந்தேனான்னு."

"என்னத்த ஸ்ட்ராங்கு," என்றேன். "பாக்கத்தான் ஆளு. ரெண்டு எட்டு ஓடுனா மூச்சு வாங்கும். நெஞ்சுல எப்பவும் சளி. முட்டியும் நிக்காது. பொழைக்குமான்னே கெடந்துது."

எங்கள் பக்கம் இதற்கு மேல் ஒரு பிள்ளையைப் புகழ முடியாது. ஊரில் யாராவது அவனைக் கொழுகொழு என்று சொன்னால், கண் பட்டுவிடாமலிருக்க நான் சொல்லும் வார்த்தை இதுதான். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். யாரும் நம்பியது கிடையாது.

டேனியல் என்னையே பார்த்தான். "நிஜமா அத்தை? எனக்கா?"

"ஆமா மக்கா. சொல்லு அவருட்ட."

அவன் சொன்னான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்து, நெஞ்சில் கை வைத்துக் காட்டி, முட்டியைத் தொட்டுக் காட்டி இங்கிலீஷில் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. தனக்கே தெரியாத எதையோ நான் இத்தனை வருஷம் மறைத்து வைத்திருந்ததாக நினைத்துவிட்டான்.

மிஸ்டர் கார்லின் சிரிப்பு நின்றது. மெதுவாக, மரியாதையாக இன்னொன்று கேட்டார். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீங்களான்னு கேக்கறார்."

இந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். வாய் திறக்காதவள் திறந்தால் மூடத் தெரிவதில்லை. "எத்தனையோ தடவ," என்றேன்.

ரெஜினா தட்டோடு வந்தாள். டேனியல் அவளைப் பார்த்து, "அம்மா, எனக்கு லங்ஸ்ல ஏதாவது இருந்துதா?" என்று கேட்டான். தட்டை வைத்துவிட்டு அவள் படபடவென்று இங்கிலீஷில் பேசினாள். நான் நர்ஸ், என் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, இது எங்கள் ஊர் வழக்கம் என்று சொல்லியிருப்பாள். அவள் பேசப் பேச அவர் இன்னும் மரியாதையாகத் தலையாட்டினார். மறைக்கிற தாயைப் பார்க்கிற பார்வை அது. மீன் ஒரு துண்டு சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றார். போய்விட்டார்.

கதவு சாத்தியதும் ரெஜினா என்னிடம் திரும்பினாள். அவள் என்னிடம் குரல் உயர்த்தியது கிடையாது, அன்றைக்கும் உயர்த்தவில்லை. "மைனி, பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட, பொண்ணுக்கு வலிப்பு உண்டும்னு சொல்லுவியளா?"

சொல்ல மாட்டேன். பெண் பார்க்க வந்தால் இல்லாததையும் கூட்டிச் சொல்வோம். வந்தவர் எடுக்க வந்தவர் என்று எனக்குத் தோன்றவே இல்லை. புகழ்ந்தவரை மட்டும்தான் பார்த்தேன்.

தம்பி வந்து, டேனியலை உட்கார வைத்து, கண்ணேறு என்றால் என்ன என்று விளக்கினான். டேனியல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் வந்தான். "அப்போ நான் உங்ககிட்ட வந்தப்போ என்ன சொன்னீங்க அத்தை?"

"எலிக்குஞ்சு மாதிரி இருக்குன்னு சொன்னேன்."

சிரித்தான். என் தலையில் கை வைத்து அழுத்திவிட்டு அவன் அறைக்குப் போனான். அன்று மரச்சீனி அப்படியே ஆறிக் கிடந்தது.

மறுநாள் ரெஜினா தூங்காமல் அவனைத் தன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். குழாயில் ஊதச் சொன்னார்கள், படம் எடுத்தார்கள். நெஞ்சு சுத்தம், முட்டி சுத்தம். அதை மிஸ்டர் கார்லுக்கு அனுப்பினார்கள். அதற்குள் அவர் வேறு நாட்டுக்கு, வேறு பிள்ளைகளைப் பார்க்கப் போய்விட்டார். நாங்கள் காத்திருந்தோம். வீட்டில் எல்லோரும் மெதுவாக நடந்தோம். தம்பி போன் அடித்தால் மூன்று அறையிலிருந்தும் தலை எட்டிப் பார்க்கும். கம்பெனியில் யாரோ வால்வு எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள்.

ஒரு காலை நான் முட்டை உடைத்துக்கொண்டிருக்கும்போது டேனியல் அடுப்படிக்கு வந்து நின்றான். "கலாஸ் அத்தை," என்றான். முடிந்தது என்பதற்கு அங்கே எல்லோரும் சொல்லும் அரபி வார்த்தை. மிஸ்டர் கார்ல் அணிக்கு இன்னொரு பையனைச் சொல்லியிருக்கிறாராம். முதல் எட்டு இவனைவிட வேகமாம்.

"மூச்சு வாங்குறதப் பத்தி ஏதும் சொன்னாரா மக்கா?"

"இல்ல அத்தை."

சொன்னபோது அவன் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஒன்றை அவன் பொய்யாகச் சொன்னானா, நிஜமாகச் சொன்னானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவனுக்கு அந்த முட்டையைப் பொரித்துக் கொடுத்துவிட்டு அடுப்பருகே நின்றேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்கள். சுற்றிப் போட்டால் தும்மலே இருக்காது, அதுதான் அடையாளம். அன்றைக்கு நெடி வந்தது. கட்டடமே இறங்கி ரோட்டில் நிற்கும் அளவுக்கு வந்தது. ரெஜினா தும்மினாள். பிள்ளை மேல் கண்ணே இருந்திருக்கவில்லை. நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

டேனியல்தான் என்னை ஏர்போர்ட்டுக்குக் கூட்டி வந்தான். பெட்டியைத் தட்டு மாதிரி ஒரு கையில் தூக்கி வைத்தான். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற காயல்பட்டினத்துப் பெண்மணி அவனை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"ஒங்க மகனாம்மா? மாஷா அல்லாஹ், என்ன வளத்தி!"

என் நாக்கு தயாராக இருந்தது. என்னத்த வளத்தி, உள்ளே ஒண்ணும் இல்ல, தொட்டா விழுவான். அதை விழுங்கினேன்.

"தம்பிக்க மகன்," என்றேன். "நல்ல பிள்ள. நல்ல சொகமா இருக்கான். அவனுக்கு ஒரு குறையும் கெடையாது."

சத்தமாகச் சொல்லிவிட்டேன்போல. நாலு பேர் திரும்பினார்கள். டேனியலுக்கும் கேட்டது. என் கைப்பையின் வாரைச் சரிசெய்து தோளில் மாட்டிவிட்டான்.

விமானம் முழுக்கப் பயந்துகொண்டே வந்தேன். ஜெபமாலையை உருட்டினேன். ஆண்டவரே, நான் சொன்னது உம்முடைய காதில் மட்டும் விழட்டும், வேறு யார் காதிலும் விழ வேண்டாம் என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறக்கும் முன்னால் போன் போட்டேன். "வீடு போய்ச் சேந்தியா மக்கா?"

"அப்பவே சேர்ந்துட்டேன் அத்தை. இப்போ கடைக்குப் போனேன், லிஃப்ட் ஓடலை, படி ஏறி வந்தேன். மூச்சு வாங்குது," என்று சொல்லிச் சிரித்தான்.

வேடிக்கைக்குத்தான் சொன்னான். நானும் சிரித்து வைத்தேன். போனை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். உப்பும் மிளகாயும் எடுத்து, மேற்கே கடலைப் பார்த்து, அவன் இருக்கும் திசைக்குச் சுற்றி நெருப்பில் போட்டேன். இங்கே கத்துவதற்குப் பெட்டி ஒன்றும் இல்லை. மிளகாய் வெடித்தது, கருகியது, சாம்பலாயிற்று. குனிந்து மூக்கைக் கிட்டே கொண்டுபோய் நின்றேன்.

நெடி வரவில்லை.